ஒச்சாயி கத்தரித்த பூச்சிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குள் ஊறிக் கிடந்து, தூக்கத்தைக் கெடுத்து, ஒருநாள் தானாகப் பொங்கி வந்த கதை இல்லை. எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். சொன்னவர் சுப்பண்ணன். திருப்பூர் நெருப்பெரிச்சலில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருக்கிறார். எங்கள் ஊர் இலக்கியச் சங்கம் வருடந்தோறும் போடும் சிறுகதைத் தொகுப்புக்குக் காகிதம், அச்சு, விழா மண்டபம், விழாவில் கொடுக்கும் தக்காளி சாதம் எல்லாம் அவர் உபயம். எனக்கு மாமன் முறை வேறு.

"ஏனம்மிணி, நான் ட்ரவுட்டு மீன் புடிச்சத வெச்சு ஒரு கதை எழுதிக் குடு. நீதான் எழுதோணும். மத்தவனுங்க கிட்டக் குடுத்தா அதுலயும் வறுமையக் கொண்டாந்து போட்டுருவானுங்க" என்றார்.

என் பெயர் சண்முகப்பிரியா. ராயபுரத்தில் லேபிள் அச்சடிக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். பனியனின் பின்கழுத்தில் உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்குமே, வெந்நீரில் துவைக்காதே, முறுக்கிப் பிழியாதே என்று, அதெல்லாம் என் சரக்கு. தேசம் தேசமாக என் எழுத்தைச் சுமந்து திரிகிறார்கள், ஒருவரும் படித்ததில்லை. அந்த வகையில் சங்கத்தின் மற்ற எழுத்தாளர்களுக்கு நான் எதிலும் குறைந்தவள் இல்லை.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரே ஒரு சிக்கல்தான். சுப்பண்ணன் மீன் பிடிக்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று:

பனி போர்த்திய நீலகிரியின் மடியில், வெள்ளிக் கொலுசாய்ச் சிணுங்கும் ஓடையின் கரையில், அந்தத் தொழிலதிபர் தன்னந்தனியாக

[நிறுத்திவிட்டேன். வெள்ளிக் கொலுசு என்று எழுதிய கையைச் சாயப்பட்டறைத் தொட்டியில் முக்க வேண்டும்.]

தொடக்கம் இரண்டு:

தூண்டில் போடுவது ஒரு தவம். கரையில் நிற்பவன் மீனையா தேடுகிறான்? இல்லை, தன்னைத்தானே

[சீ.]

தொடக்கம் மூன்று:

ஹென்ரிக் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து சுப்பண்ணனிடம் கொடுத்தார்.

இது தேவலை. பொய் இல்லை, கொலுசும் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

3

ஹென்ரிக் டென்மார்க்காரர். சுப்பண்ணன் தைத்து அனுப்பும் குழந்தைகள் உடுப்பை வாங்கி அங்கே விற்கிறவர். போன வருடம் வந்தபோது இரவுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பூச்சியைக் காட்டினார். உயிருள்ள பூச்சி இல்லை, கட்டிய பூச்சி. சின்னத் தூண்டில் முள், அதன் முதுகில் ஈயக்கம்பி சுற்று, அதன்மேல் நூல், மேலே மயிலிறகின் இழை, குறுக்கே செம்புக்கம்பி வரி, பின்னால் மூன்று முடி வால், கழுத்தில் நாலைந்து இழை கால். நிம்ஃப் என்பார்களாம். ஓடைக்கு அடியில் கல்லிடுக்கில் வளரும் பூச்சிக்குஞ்சின் வேஷம். ட்ரவுட் மீன் அதைத் தரையோடு தரையாகத்தான் மேயும், அதனால்தான் உள்ளே ஈயம். ஈயம் இல்லாவிட்டால் பூச்சி மேலேயே மிதந்து போகும், மீன் கீழே கிடக்கும், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காது.

இதைக் கேட்டதும் சுப்பண்ணன் சொன்ன பதில்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"ஐ ஆல்சோ பிஷர்மேன்."

அவர் பிடித்தது தோட்டத்துக் கிணற்றில் ஜிலேபிக் கெண்டை. மண்புழு கோத்து, டவுசர் போட்ட வயதில். அதற்குப் பிறகு அவர் மீனைப் பார்த்தது தட்டில்தான். ஆனால் ஹென்ரிக் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம் ஊட்டிப் பக்கம் ஓடைக்கு இரண்டு பேரும் போவோம், உன் கையால் கட்டிய பூச்சியோடு வா என்று சொல்லி, கையிலிருந்த பூச்சியை மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் ஒருவர் கையில் மாதிரியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த டென்மார்க்காரருக்குத் தெரியவில்லை. இருபது வருடம் வந்துபோய் என்ன பிரயோசனம்.

4

மாதிரி நேராக சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனது. அங்கே ஜெபக்குமார் என்று ஒரு டெய்லர், திருநெல்வேலிப் பக்கம். பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இத எந்த மெஷின்ல தைக்கணும்னு சொல்லுதிய?" என்று கேட்டானாம்.

ஆனாலும் கட்டிவிட்டான். முள் கோவை உக்கடத்தில் வாங்கியது. ஈயத்துக்கு எலெக்ட்ரீஷியனின் பற்றுவைக்கும் கம்பி. செம்புக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. மயிலிறகுக்கு அலையவே வேண்டாம், கம்பெனிக்குப் பின்னால் சோளக்காட்டில் உதிர்ந்து கிடந்தது. குழந்தைகள் உடுப்புக்கு வந்த ஓவர்லாக் நூலால் சுற்றி, நெயில் பாலிஷ் வைத்து முடிச்சை மூடினான். பார்க்க அசல் மாதிரியே கால், வால் எல்லாம் விரித்துக்கொண்டு ஒரு டஜன்.

(ஜெபக்குமாரை இத்தோடு விட்டுவிடுகிறேன். இவன் கைத்திறனைப் பற்றி இரண்டு பக்கம் உருகலாம், சங்கத்தில் கண்ணைத் துடைப்பார்கள். அவனுக்கே அதில் விருப்பம் இல்லை. "நல்லா கெட்டுனேன்னு எழுதிராதிய, மறுவருசமும் என்னயவே கெட்டச் சொல்லுவாவ" என்றான்.)

சுப்பண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருடம் ஹென்ரிக் வந்து ஊட்டிக்குக் கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள், டஜனையும் ஒரு தட்டில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு செக்கிங் செக்‌ஷனுக்குப் போனார். அங்கே நீள மேசை போட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்துக்கொண்டிருப்பார்கள். கையடக்கமான சின்னக் கத்தரி. ஒரு நூல் தொங்கினால் போச்சு, சரக்கு வாங்கும் பையர் மொத்தப் பெட்டியையும் திருப்பிவிடுவான். இந்த ஊரில் தூக்கத்தில் கைக்குழந்தைகூட நூல் வெட்டும்.

அந்த மேசையில் தட்டை வைத்து சுப்பண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கேட்ட பெண்கள் எல்லோரும் வார்த்தை மாறாமல் இதைத்தான் சொன்னார்கள்.

"நம்ம பையர் சாருக்குப் போறதுங்க. எக்ஸ்போர்ட் குவாலிட்டில இருக்கோணும். ஒரு நூலு தொங்கக் கூடாது. ஆரு கையில தொங்குச்சோ, அவிய அப்பிடியே ஊட்டுக்குப் போயிக்கலாம்."

தட்டு யார் முன்னால் இருந்ததோ அவள் பெயர் ஒச்சாயி.

5

ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. என் யூனிட்டுக்குப் பின்வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

அவள் டஜனையும் எடுத்தாள். வால், கால், கழுத்தில் சிலிர்த்துக்கொண்டிருந்த மயிலிழை, எதெல்லாம் தொங்கியதோ அதெல்லாம் போயிற்று. மொழுமொழுவென்று, முடி இறக்கிய பிள்ளை மாதிரி, பூச்சிகளைத் தட்டில் அடுக்கினாள்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: ‘அவளுடைய கத்தரியில் ஒரு வர்க்கத்தின் மௌனக் கோபம்.’ எடுத்துவிட்டேன். அவள் கத்தரியில் இருந்தது கத்தரிதான். சொன்ன வேலையைச் செய்தாள்.]

சாயங்காலம் சுப்பண்ணன் வந்து தட்டைப் பார்த்தார். மறுநாள் விடிகாலையில் கார் ஊட்டிக்குக் கிளம்ப வேண்டும். மறுபடி கட்ட நேரமில்லை. அந்த மேசை முன்னால், அத்தனை பேர் பார்க்க, ஒரு பூச்சியை ஒச்சாயியின் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினார். அறிவிருக்குதா என்றார். பூச்சிக்குக் கால் இருக்குமுன்னு கூடத் தெரியாதா என்றார். கத்தரியை வாங்கி மேசையில் எறிந்துவிட்டு, இனி இந்தக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்.

அடுத்த நாளே எதிர்வரிசைக் கம்பெனியில் ஒச்சாயிக்கு வேலை கிடைத்துவிட்டது. திருப்பூரில் எந்தக் கேட்டைப் பார்த்தாலும் ஆட்கள் தேவை என்று பலகை தொங்குகிறது. அவளுக்கு வேலை பிரச்சினையே இல்லை. இதைச் சொன்னதும் சங்கத்தில் ஒருவர் முகம் வாடிவிட்டது. "அப்ப எங்கீங்க கதை? அந்தம்மாவுக்கு ஒரு நோயாளிப் புள்ளையாவது குடுங்க" என்றார். அவளுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் எருமைக்கிடா மாதிரி இருக்கிறார்கள். ஒருத்தன் பெங்களூரில் கார் வாங்கிவிட்டான். உங்கள் கண்ணீருக்காக நான் யார் பிள்ளையையும் படுக்கவைக்க முடியாது.

ஒச்சாயி கேட்டது வேறு.

"வேல கெடக்குது வேல. எங்கிட்டுப் போனாலும் கத்திரிதேன். ஆனா அத்தன பொம்பளைக முன்னாடி என்னயப் புத்தி கெட்டவன்னு சொல்லிப்புட்டாரு. வெட்டச் சொன்னது யாரு? அதே மேசையில, அதே வாயால, ‘ஒச்சாயி வெட்டுனது தப்பில்ல, நாந்தேன் வெட்டச் சொன்னேன்’னு சொல்லணும். சொல்லிட்டா போதும், நான் அந்தாளு மூஞ்சிலகூட முழிக்க மாட்டேன்."

அவ்வளவுதான். ஒரு வரி. எழுத்துக்கூலி இல்லாத ஒரு வரி.

6

இனி ஓடை. நான் போகவில்லை. கார் ஓட்டிப் போன சண்முகவேல் பார்த்ததை எழுதுகிறேன். அவருக்கு மீனைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எந்த அபிப்பிராயமும் இல்லை, அதனால் நம்பலாம்.

அனுமதி எல்லாம் வாங்கியிருந்தார்கள். சுப்பண்ணன் வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. டப்பாவைத் திறந்து காட்டி, "சாரி சார், லேபர் மிஸ்டேக்" என்று மொட்டைப் பூச்சிகளை ஹென்ரிக்கிடம் கொடுத்துவிட்டு, போன வருடம் வந்த அசல் பூச்சியை, கால் வால் எல்லாம் உள்ளதை, தனக்குக் கட்டிக்கொண்டார். பார்த்தீர்களா மரியாதையை? விருந்தாளிக்கு ரிஜெக்ட், வீட்டுக்காரருக்கு சாம்பிள்.

நிம்ஃப் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, மேலே எறிய வேண்டும். ஈயம் அதை அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். பிறகு கையை அடக்கிக்கொண்டு, தண்ணீர் போகிற வேகத்துக்கே அதைக் கல்லின்மேல் உருண்டு வர விட வேண்டும். கயிற்றில் பளிச்சென்று ஒரு நூல் கட்டியிருப்பார்கள். அந்த நூல் தண்ணீரோடு வருகிறவரை சும்மா இருக்க வேண்டும். எங்கேயாவது தயங்கி நின்றால், அப்போதுதான் தூக்க வேண்டும்.

சும்மா இருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் சுப்பண்ணன் விழுந்தார். எறிந்த கையோடு இழுத்தார். கிணற்றுக் கெண்டைப் பழக்கம். பூச்சி பாதித் தண்ணீர்கூட இறங்காமல் திரும்பி வந்தது. நடுவில் போன் வந்தது. "டையிங்ல இருந்து துணி வந்துருச்சா இல்லியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் மீன் இருக்கட்டும், கரையில் மேய்ந்த எருமையே இடம் மாறிக்கொண்டதாம். கடைசியில் அசல் பூச்சி ஒரு பாறையிடுக்கில் மாட்டி, இழுத்த இழுப்பில் தூண்டில் நுனியும் உடைந்து, அறுந்துபோனது.

கீழே வளைவில் ஹென்ரிக் மொட்டைப் பூச்சியில் மீன்மேல் மீனாக எடுத்துக்கொண்டிருந்தார்.

(மீன்பிடி தெரிந்தவர்கள் சிரிக்கலாம். எனக்கும் பிறகுதான் தெரிந்தது, காலே வைக்காமல் மொழுக்கென்று கட்டுகிற வகையே ஒன்று உண்டாம். தண்ணீரைத் தடுக்க இழை ஏதும் இல்லாததால் சட்டென்று அடிக்குப் போகும். ஒச்சாயிக்கு இது தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது. தெரிந்துதான் வெட்டினாள் என்று திருப்ப எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன்.)

ஹென்ரிக் ஒரு மீனைக் கையில் பிடித்தபடியே மேலே வந்து கேட்டார், ரொம்ப சுத்தமான வேலை, யார் இதற்கு ஃபினிஷிங் என்று.

சண்முகவேல் என்னிடம் இதைச் சொல்லும்போது தன் காதைத் தானே தொட்டுக்கொண்டார். "எங்க மொதலாளி என்ன சொன்னாருன்னு கேளுங்கம்மா. ‘மை டிசைன்’ன்னாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. இதுவரை எழுதியதில் கேலியைத்தான் காட்டினேன், இந்த இடத்தில் கோபம் வந்தது, அதையும் எழுதிவைக்கிறேன். திட்டும்போது அது அவள் புத்திகெட்டதனம். மீன் விழுந்ததும் அது இவர் டிசைன். பூச்சி அதேதான்.

அப்புறம் போட்டோ. ஹென்ரிக் சிரித்துக்கொண்டே தன் மீனை சுப்பண்ணன் கைக்கு மாற்றினார். சண்முகவேல்தான் எடுத்தார். விழா அழைப்பிதழில் நீங்கள் பார்த்த படம் அதுதான்.

7

சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு முடிவு கொடுத்தார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர்: ஹென்ரிக்கே ஒச்சாயியைத் தேடி வந்து கைகுலுக்குகிறார். [வெள்ளைக்காரன் வந்துதான் நம் ஊர் நியாயத்தைச் சொல்ல வேண்டுமா? அவர் அடுத்த விமானத்தில் போய்விட்டார். ஒச்சாயி என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.]

இன்னொருவர்: ஓடையில் மீனின் கண்ணைப் பார்த்ததும் சுப்பண்ணனுக்குள் ஏதோ உடைகிறது. [உடைந்தது தூண்டில் நுனிதான். பில் கம்பெனிக் கணக்கில் போயிற்று.]

இன்னொருவர்: ஒச்சாயி கத்தரியோடு கம்பெனி வாசலில் நிற்கிறாள், கதை அங்கே முடிகிறது, வாசகர் பதறுகிறார். [இவர் உசிலம்பட்டி என்ற பெயரைக் கேட்டதிலிருந்தே இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.]

8

இதுவரை எழுதியதை சுப்பண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே என் யூனிட்டுக்கு வந்துவிட்டார். லேபிள் கட்டுகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார், அப்புறம் குடித்தார்.

"ஏனம்மிணி, என்னைய இப்பிடி நாறடிச்சிட்டியே."

"நடந்ததத்தானுங்க மாமா எழுதியிருக்கறேன்."

"நடந்தத எழுதறதுக்குப் பேரு கதையா? கதைன்னா நாலு சேத்தி நாலு கொறைச்சுத்தானொ எழுதோணும். இந்த டிரைவர் பேச்சயெல்லாம் எடுத்துப்போட்டு, எனக்கொரு மீனக் குடுத்துரு. பெருசு வேண்டாங் கண்ணு. ஒரு சாணு இருந்தாப் போதும்."

பையரிடம் விலை பேசிப் பேசிப் பழகிய வாய். என்னிடமே மீனின் நீளத்தைக் குறைத்துப் பேரம் பேசுகிறார்.

"கதையையே வேண்டாம்னு எடுத்துருங்களே" என்றேன்.

அவரால் எடுக்க முடியாது. அழைப்பிதழில் படம் போட்டாகிவிட்டது, ‘ட்ரவுட் பிடித்த தொழிலதிபர்’ என்று கீழே எழுதியும் ஆகிவிட்டது. அவரே ஏற்றுமதியாளர் கூட்டம் முழுக்க அதைக் கொடுத்து, கதையைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அழைப்பிதழை யார் எழுதச் சொன்னது? நான் இல்லை.

"மீன் தர்றனுங்க மாமா" என்றேன். "சாணென்ன, முழம் தர்றேன். ஒச்சாயி கேட்ட அந்த ஒரு வரிய, அந்த மேசையில வெச்சுச் சொல்லீருங்க."

"ஆபீஸுக்குக் கூப்புட்டுச் சொல்லீர்றேன். நல்ல சேலையாட்டம் ஒண்ணு எடுத்துக் குடுத்தர்றேன்."

"திட்டுனது ஆபீஸுல இல்லீங்களே."

"அம்மிணி, அத்தன பொம்பளைக முன்னால நான் வெட்டச் சொன்னேன்னு சொன்னா, நாளைக்கு எவ என்ற பேச்சக் கேப்பா?"

இந்த ஒரு இடத்தில் அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். ஹென்ரிக் தோளில் கைபோட்டு ஃப்ரெண்ட் என்றதைப் போன மாதம் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த ஒரு வரியைச் சொன்னால், டிசைன் தன்னுடையது இல்லை என்று ஹென்ரிக் வரைக்கும் தெரிந்து, தோளில் விழுந்த அந்தக் கையும் போய்விடும் என்று நினைக்கிறார். எனக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. பிறகு எறிந்த கத்தரி ஞாபகம் வந்தது.

"ஓசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போனார். வாசல்வரை போய்த் திரும்பி, "அரைச் சாணுன்னாலும் செரி" என்றார்.

அன்று சாயங்காலம் இதையெல்லாம் ஒச்சாயியிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அந்தாளு சொல்லாம நீ மீனப் போட்டுறாத்தா. வெறும் எடமாவே கெடக்கட்டும். படிக்கிறவுக பாக்கட்டும்."

9

ஆகவே ஏற்பாடு இதுதான். அச்சகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் வெற்றிடம் விட்டிருக்கிறது. சுப்பண்ணன் அந்த மேசைக்குப் போய் அந்த வரியைச் சொல்லிவிட்டார் என்று ஒச்சாயி வந்து சொன்ன நிமிடத்தில் அதற்குள் மீனைப் போட்டுவிடுவார்கள். முழு மீன், முழ நீளம், புள்ளியெல்லாம் வைத்து. மேலே உள்ள அத்தனை பகுதியையும் எடுத்துவிட்டு வெள்ளிக் கொலுசிலிருந்தே தொடங்கவும் தயார். நான் வாக்குத் தவற மாட்டேன்.

நீங்கள் இதை விழா மண்டபத்தில் தக்காளி சாதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். இத்தனை தூரம் படித்துவிட்டீர்கள் என்றால் கதை கொலுசிலிருந்து தொடங்கவில்லை என்று அர்த்தம். கடைசி வரியையும் பாருங்கள். அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பார், வெள்ளைச் சட்டை. முடிவு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள், அவரிடம் போய்க் கேளுங்கள்.

பளிச்சென்ற நூல் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தது. ஒரு கல்லருகே தயங்கி நின்றது. சுப்பண்ணன் தூண்டிலைத் தூக்கினார். முள்ளில் [                              ]